கை நனைக்காத வீடு

என் வைராக்கியத்தைப் பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் விற்க வேண்டும், சம்மதமா என்று கேட்டு குணாளன் ஆள் அனுப்பியிருந்தான். அந்த வைராக்கியம் எனக்குள் முளைத்ததே அவனால்தான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கேட்டான். அந்த நெஞ்சழுத்தத்துக்குப் பெயர்தான் குணாளன்.

வந்திருந்த பெண் மூளை மருத்துவர், பெயர் நிலோஃபர். முப்பது வயதுகூட இருக்காது. என் அலுவலக அறையில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளைக் கொஞ்ச நேரம் படித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"ஏணின்னு ஒரு நிறுவனம் மேடம். கேள்விப்பட்டிருப்பீங்க."

"கேள்விப்படாம இருக்க விட்டாத்தான? மதுரைல ஓடுற பஸ் முதுகுல எல்லாம் அந்தக் குணாளன் மூஞ்சிதான் இருக்கு. தடைதான் படியாம். என்னவோ இவன் ஏறிக் களைச்ச மாதிரி."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அடி வாங்கி விழுந்த ஒருத்தர் மறுபடி எந்திரிக்கிறப்போ மூளைக்குள்ள ஒரு ஓட்டம் நடக்குது. நிறைய பேருக்கு அது கொஞ்ச நாள்ல அடங்கிரும். சிலருக்கு மட்டும் வருசக்கணக்கா அடங்காது. அந்த மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து அந்த ஓட்டத்த அச்சு எடுத்து, எந்திரிக்கவே முடியாம கிடக்குறவங்க தலைல பதிக்கிறோம்."

"என் கதையெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருமா?"

"தெரியாது மேடம். நினைவு எதுவும் போகாது. வேகம் மட்டுந்தான் போகும். மாசம் ஒரு தடவை உங்ககிட்ட புதுசா எடுத்து அது மேலயே பதிக்கணும், இல்லாட்டி மங்கிரும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "தென்மாவட்டம் பூரா ஆள் தேடினோம். கடைசில ஐயாதான் உங்க பேரச் சொன்னாரு. என் தங்கச்சிகிட்ட இருக்குறது வேற யாருகிட்டயும் கிடைக்காதுன்னாரு."

தங்கச்சி. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

குணாளன் என் பெரியம்மா மகன். சாத்தூர்ப் பக்கத்தில் அவனுக்குப் பட்டாசு ஆலை இருந்தது. என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி அதில் ஃபோர்மேன். ஒரு தீபாவளி நெருக்கடியில், வேலை முடியும்வரை யாரும் வெளியே போய்விடக் கூடாது என்று வெடிமருந்து அறையின் பின்கதவைப் பூட்டச் சொல்லியிருந்தான் குணாளன். "பூட்டாதீங்கன்னு சண்டையே போட்டுட்டேன் ஜெயக்கொடி, உங்கண்ணன் கேக்க மாட்டேங்கிறாரு" என்று இவர் என்னிடம் புலம்பிக்கொண்டே சாப்பிட்டார். அந்த வாரமே தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஆறு பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை, இவரும்தான்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் குணாளன் ஒரே வாக்கியம்தான் சொன்னான். சௌந்தரபாண்டி உள்ளே உட்கார்ந்து பீடி குடித்தான். செத்தவர் வந்து இல்லை என்று சொல்லவா போகிறார்? பீடி நாற்றம் பட்டாலே முகத்தைச் சுளிக்கிற மனுஷன் அவர். நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பெண்டாட்டி அப்படித்தானே சொல்லுவாள் என்றார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஊர் கொள்ளும் அளவுக்குச் சமைத்திருந்தேன். ஒருவர்கூட என் வீட்டில் கை நனைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்றால் சும்மா சாப்பிடுவது இல்லை. உன்னோடு எனக்கு உறவு உண்டு என்று ஊரறியச் சொல்வது. சண்டை போட்ட பங்காளிகள் சமாதானம் ஆனால், முதலில் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பார்கள். ஐந்து பேரைக் கொன்றவனின் வீட்டில் யார் நனைப்பார்கள்? இலைகளைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் அவ்வளவையும் குழி வெட்டிக் கொட்டினோம்.

அன்றைக்கு வந்த ஒரே ஆள் குணாளன். தலையைத் தடவிக் கொடுத்தான்.

"கஷ்டத்தையே நினைச்சுக்கிட்டு இருக்காத தாயி. கஷ்டம்னு வர்றதெல்லாம் வாய்ப்பு. எந்திரிச்சு வா. நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புடு, எல்லாம் சரியாப் போயிரும்."

"உன் வீட்டுல நான் கை நனைச்சா என்னப் பொம்பளைன்னு சொல்லாத" என்றேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஏணி நிறுவனம் துண்டறிக்கையில் பத்து வரியில் அழகாகப் போட்டிருந்தது. பாதியில் விட்ட படிப்பை முடித்தேன். தீ பாதுகாப்புப் படித்தேன். ஆம்பளைங்க வேலை என்று துரத்தியவர்களைத் தாண்டி அதிகாரி ஆனேன். கதவு பூட்டிக் கிடந்த எந்த ஆலையையும் நான் சும்மா விட்டதில்லை. ஒவ்வொரு பூட்டை உடைக்கும்போதும் என் மனசில் ஒரே ஒருவனுடைய கதவுதான். ஆனால் நான் அந்தப் பதவிக்கு வருவதற்குள் அவன் ஆலையை விற்றுவிட்டு, மேடைபோட்டுத் தன்னம்பிக்கை பேசுகிறவனாக ஆகிவிட்டான். கஷ்டமெல்லாம் வாய்ப்பு என்று என்னிடம் சொன்னதையே நாடு முழுக்கச் சொல்லிப் பெரிய ஆளாகிவிட்டான். துண்டறிக்கையில் இது மட்டும் இல்லை.

நிலோஃபரிடம் சம்மதம் என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவன் வாசலுக்குள் நுழைய ஒரு வழி கிடைத்தது, நுழைந்தேன். அவ்வளவுதான்.

ஏணியின் ஆய்வுக்கூடத்தில் தலைக்குக் கம்பிகள் பின்னிய ஒரு துணியைச் சுற்றுவார்கள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் அதை முண்டாசு என்பார்கள். முண்டாசு கட்டி உட்கார வைத்து, நிலோஃபர் திரையில் வரிசையாகப் படங்கள் காட்டினாள். செங்குத்தான மலை, பூட்டிய கதவு, முன்பின் தெரியாத முகங்கள். எதற்கு என் மூளை துள்ளுகிறது என்று பார்ப்பதற்காம். முகங்களின் நடுவே, நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து எடுத்த குணாளன் படம் ஒன்றும் கலந்திருந்தது. அந்தப் படம் வந்தபோது பக்கத்து இயந்திரம் கீச்சென்று கத்தியது.

நிலோஃபர் இயந்திரத்தில் எதையோ மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாள். பிறகு உதவியாளர்களை வெளியே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், உங்களுக்குள்ள ஒரு முடிச்சு இருக்கு. உங்க வேகம் முழுக்க அங்க இருந்துதான் கிளம்புது. ஐயா படத்தப் பாத்ததும் அது எப்படி இறுகுச்சு தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"முடிச்ச வடிகட்டிட்டு வேகத்த மட்டும் எடுக்க முடியுதான்னு இப்பவே ஓட்டிப் பாத்தேன். முடியல. முடிச்ச எடுத்தா வேகமும் அடங்கிருது. அப்படியே பதிச்சா, நினைவு போகாட்டியும், அந்த முடிச்சும் சேந்து போயிரும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை வருஷமும் என்னை அரித்துத் தின்ற ஒன்றைக் குணாளன் தன் கையாலேயே எடுத்து ஆயிரம் தலைகளில் நடப்போகிறான். இத்தனை காலம் தேடியும் கிடைக்காத வழி, முண்டாசு கட்டிய நாற்காலியில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சிரிப்பு வந்தது எனக்கு.

"நான் இத மேல சொல்லியாகணும் மேடம்" என்றாள் அவள்.

"சொல்லு. விளக்கமாவே சொல்லு. நானும் கூட வர்றேன்."

குணாளனுக்குத் தலை நரைத்திருந்தது. குரல் மட்டும் அதே வெல்லப்பாகு. நிலோஃபர் சொன்னதை முழுசாகக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"என் தங்கச்சிக்கு என் மேல கோபம். அது எனக்குத் தெரியாதா டாக்டரம்மா? அந்தக் கோபந்தான் அவள ஆபீசர் ஆக்குச்சு. நீங்க அதத் தடைன்னு பாக்குறீங்க. நான் வாய்ப்புன்னு பாக்குறேன். நம்ம தொழிலே அதுதான?"

"ஐயா, பதிச்சுக்கிட்டவங்க உங்கள வெறுத்தா?"

"சோதிச்சுப் பாருங்க. வெறுத்தா நிறுத்திருவோம்."

நியாயமாகத்தான் இருந்தது. சோதித்தார்கள். முதலில் பதித்துக்கொண்டவர்களுக்கு அவன் படத்தைக் காட்டினார்கள், குரலைக் கேட்க வைத்தார்கள். அவனே நேரில் வந்து கை குலுக்கினான். வெறுப்பாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றார்கள், பொய் சொல்லவில்லை. நிறுவனத்தின் கேன்டீனில் அவனோடு உட்கார்ந்து தயிர்சாதம்கூடச் சாப்பிட்டார்கள். கேன்டீன் யாரோ ஒப்பந்தக்காரருடையது. அது வீடு இல்லை. இந்த வித்தியாசம் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால் அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே போனானே, அதோடு மறந்துவிட்டான் போலிருக்கிறது. மறப்பது அடித்தவனுக்கு எப்போதும் சுலபம்.

நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏணி ஓஹோவென்று ஓடியது. பரீட்சையில் தோற்று மூலையில் கிடந்த பையன்கள் எழுந்து உட்கார்ந்து படித்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள் மறுபடி கை காலை அசைத்தார்கள். குடியை விடமுடியாமல் தவித்தவர்கள் விட்டார்கள். நான் மாதம் ஒரு தடவை போய் முண்டாசு கட்டிக்கொண்டு வந்தேன். போகும்போதெல்லாம் குணாளன் எதிரில் வந்து, "ஒரு நாள் வீட்டுக்கு வா தாயி" என்பான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன்.

அழகர்கோயில் சாலையில் அவன் புது வீடு கட்டி முடித்ததும் அது நடந்தது. ஏணியால் எழுந்து நின்ற நூறு பேருக்கு வீட்டிலேயே தலைவாழை விருந்து. ஓட்டலில் வைத்தால் அது விளம்பரம், வீட்டில் வைத்தால்தான் உறவு என்று பேட்டி கொடுத்தான். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. எனக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை. என் வீட்டுக் கூடத்தில் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சிக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.

வரிசையாக இலை போட்டிருந்தார்கள். பருப்பு, நெய், கூட்டு, பொரியல், இரண்டு வகைப் பாயசம். குணாளன் பட்டு வேட்டியில் நடுவில் நின்று, "கூச்சப்படாம சாப்புடுங்க, உங்க வீடு மாதிரி" என்றான்.

ஒருவர்கூடக் கையை எடுக்கவில்லை.

அத்தனை பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஓட்டப்பந்தய வீரன் மட்டும் சோற்றை நோக்கிக் கையைக் கொண்டுபோனான். தொடுவதற்கு முன்னால் கை தானாகத் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குணாளன் இன்னொரு தடவை சாப்பிடச் சொன்னான். மூன்றாவது தடவை சொல்லும்போது வெல்லப்பாகில் விரிசல் விட்டது.

நிருபர் பெண் ஒருத்தி ஒரு வாத்தியாரிடம் ஒலிவாங்கியை நீட்டினாள்.

"ஏன் சார் சாப்பிடல? பசிக்கலையா?"

"பசிக்குது. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல."

"அப்புறம் என்ன?"

"இங்க வேணாம்னு இருக்கு."

"ஏன்?"

"தெரியலம்மா. இந்த வீட்டுல வேணாம்."

அவன் வீட்டுச் சோறு ஆறி அவிந்துபோனதை நான் கடைசிவரை பார்த்தேன். இலையோடு வாரிக் குப்பை வண்டியில் போட்டதைக்கூட எவனோ காட்டினான், நல்லா இருப்பான். அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி அதற்கு முன் எந்த நாளும் சாப்பிட்டதில்லை. வெறும் ரசமும் கருவாடும்தான். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் போய் நின்று, "பாத்தீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அந்த வாரத்திலேயே அழகர்கோயில் சாலை ஆட்டோக்காரர்கள் அந்த வீட்டுக்குக் கை நனைக்காத வீடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிலோஃபர் என் வீட்டுக்கு வந்தாள். கூட ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். கையில் ஊன்றுகோல். கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மூக்கைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் பெரியம்மா மூக்கு.

"மேடம், இது ஸ்வர்ணா, ஐயாவோட பொண்ணு" என்றாள் நிலோஃபர். "லாரி மோதி இடுப்பு நொறுங்கிப்போச்சு. உடம்பு தேறியும் நடக்கணும்னு நினைப்பே வரல. செவுத்தப் பாத்துப் படுத்தே கிடந்தா. யாருக்கும் சொல்லாம முதல் அச்சே இவளுக்குத்தான் பதிச்சோம். எந்திரிச்சு நடந்துட்டா."

"அதுக்கப்புறம் வீட்டுல ஒரு வாய் இறங்கல" என்றாள் அந்தப் பெண். "வெளிய என்னத்தையாவது வாங்கித் தின்னுக்கிட்டு இருந்தேன். அப்பா மனநோய்னு சொல்லி டாக்டர் டாக்டரா கூட்டிட்டு அலைஞ்சாரு. வெளிய போகக் கூடாதுன்னு நிப்பாட்டிட்டாரு, பசி எடுத்தா தானா சாப்பிடுவேன்னு. பசிக்கத்தான் செஞ்சது. கை போகல. அன்னைக்கு அந்த விருந்துல நூறு பேரும் அப்படியே உக்காந்திருந்தாங்கள்ல, அப்பத்தான் எனக்குப் பைத்தியம் இல்லைன்னு தெரிஞ்சது." அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க வீட்டுல சோறு இருக்கா?" என்றாள்.

இருந்தது. போட்டேன். குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கி, தலை நிமிராமல் சாப்பிட்டாள். என் எதிரியின் ஒரே மகள் எலும்பும் தோலுமாக என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் கேட்ட பழி இதைவிட நன்றாக எப்படி வரும்? ஆனால் அவள் தட்டை வழித்தபோது என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. என் சபதத்தைக் கொண்டுபோய் ஒரு பிள்ளையின் வயிற்றில் கட்டியிருக்கிறார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கட்ட விட்டிருக்கிறேன். அதற்காக அவன்மேல் இருந்த ஆத்திரம் ஒரு துளி குறைந்ததா என்றால், இல்லை. கூடத்தான் செய்தது.

"இவ தலைல இருக்குறத அழிக்க முடியாதா?" என்று நிலோஃபரிடம் கேட்டேன்.

"அழிச்சா பழையபடி படுத்துருவா. ஒரே வழிதான் தெரியுது மேடம். உங்க முடிச்சு உங்ககிட்டயே அவிழணும். நீங்க அந்த வீட்டுல மனசாரக் கை நனைச்சீங்கன்னா அவிழலாம். அந்த நேரத்துல எடுத்து இவளுக்குப் பதிச்சா சாப்பிடுவா. நடப்பாளா, வேகம் மிஞ்சுமா, எனக்குத் தெரியாது. உங்களுக்கே மிஞ்சுமான்னும் தெரியாது."

ஸ்வர்ணா கையைக் கழுவிவிட்டு வந்தாள். "எங்கப்பா உங்கள என்ன செஞ்சாரு அத்தை?"

"உங்கப்பாகிட்டயே கேளு."

"கேட்டேன். பழைய குடும்பச் சண்டைன்னாரு."

நான் அவள் தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

நிலோஃபர் அவனிடமும் சொல்லியிருக்க வேண்டும், மறுநாளே குணாளன் என் வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவனும் வர முயலவில்லை. மனைவி போன பிறகு அவனுக்கு மகள் ஒருத்திதான் உலகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தால் உண்மை என்றுதான் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது.

"என்ன வேணும்னாலும் கேளு ஜெயக்கொடி. வந்து ஒரே ஒரு வாய் சாப்புடு. வெளிச் சோத்துல எத்தன நாள் ஓடும்? என் பிள்ளை செத்துருவா."

"சௌந்தரபாண்டி பீடி குடிக்கல."

அவன் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இத ஊரக் கூட்டிச் சொல்லு. அன்னைக்கு வந்தானுங்கல்ல டிவிக்காரனுங்க, அத்தனை பேரையும் கூப்புடு. பின்கதவ யாரு பூட்டச் சொன்னதுன்னும் சொல்லு. அப்புறம் வர்றேன். நீதான் எனக்குப் பரிமாறணும்."

"கேஸ் வரும். உள்ள வச்சிருவாங்க. கட்டுன கோட்டை பூரா சரிஞ்சிரும் ஜெயக்கொடி."

"சரியட்டும். தடைதான படி?"

அப்படிச் சொல்லும்போது எனக்கு வாயெல்லாம் இனித்தது. அதை மறைக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் சொன்னான். அதே வீட்டில், அதே கூடத்தில், எழுதி வைத்துப் படிக்காமல் சொன்னான். கதவைப் பூட்டச் சொன்னது நான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. சௌந்தரபாண்டி பீடி குடிக்கிற ஆள் இல்லை. பழியைச் செத்தவன்மேல் போட்டேன். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். நான் தொலைக்காட்சியை அணைத்தேன். சாயங்காலம், அன்றைக்குச் செத்தவர்களில் ஒருவருடைய மனைவி சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுப் போனாள்.

நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை. போலீஸ் வருவதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்பதால் மறுநாள் மத்தியானமே போனேன். கூடத்தில் இரண்டு இலை. ஒன்று எனக்கு, எதிரே ஒன்று ஸ்வர்ணாவுக்கு. நிலோஃபர் என் தலையில் முண்டாசைக் கட்டிவிட்டு ஒரு சின்னத் திரையோடு ஓரமாக உட்கார்ந்தாள். குணாளன் குனிந்து சோறு வைத்தான், பருப்பு ஊற்றினான். நெய் இலைக்கு வெளியேயும் விழுந்தது.

கை போகுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. போனது. சோற்றைப் பிசைந்தேன், வாயில் வைத்தேன். கொஞ்சம் உப்புக் கம்மி. விழுங்கிவிட்டு என்ன ஆகப்போகிறது என்று காத்திருந்தேன். கண்ணீர் வரும், உடம்பு விட்டுப்போகும், காலையில் எழுந்திருக்க இனிக் காரணமே இருக்காது என்றெல்லாம் பயந்து வந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வாய் எடுத்தேன்.

"அவிழ்ந்திருச்சு மேடம்" என்றாள் நிலோஃபர், நம்ப முடியாத குரலில். "முடிச்சு போயிருச்சு. வேகம் அப்படியே இருக்கு. எந்தப் பக்கமும் பாயாம, சும்மா நிக்குது."

என் வீட்டுக்காரர் பெயரிலிருந்த கறை போனது அல்லவா, அதனால் இருக்கும். மன்னித்தேன் என்று மட்டும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

நிலோஃபர் முண்டாசை என் தலையிலிருந்து எடுத்து ஸ்வர்ணாவுக்குக் கட்டினாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். குணாளன் பருப்புக் கரண்டியோடு அவள் பக்கத்தில் சாமியைக் கும்பிடுகிறவன் மாதிரி நின்றான். நிலோஃபர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை திரையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"சுத்தமா இருக்கு. முடிச்சோட தடமே இல்ல. இனிமே சாப்பிடலாம் ஸ்வர்ணா."

குணாளன் மகளின் இலையில் சோறு வைத்தான். தானே பிசைந்தான். ஒரு உருண்டை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். "சாப்புடு கண்ணு."

ஸ்வர்ணா அந்த உருண்டையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"கதவு சாவி உங்க பையிலதான இருந்துச்சுப்பா?"

"கண்ணு..."

"உள்ள ஆளுங்க தட்டுற சத்தம் கேட்டுச்சா?"

அவன் உருண்டையை இன்னும் அவள் வாயருகே நீட்டிக்கொண்டே இருந்தான். நான் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்க எனக்கே தோன்றவில்லை.

"டாக்டரம்மா, இன்னொரு தடவை பாருங்க" என்று அவன் நிலோஃபர் பக்கம் திரும்பிக் கெஞ்சினான். "இன்னும் அது போகல. அவளோடது இன்னும் என் பிள்ளை தலைக்குள்ள இருக்கு."

"இல்ல ஐயா" என்றாள் நிலோஃபர். "அங்க ஒண்ணுமே இல்ல."

"அத்தையோட கோபம் என் தலைல இருந்தப்போ எனக்குக் காரணம் தெரியாது" என்றாள் ஸ்வர்ணா. "இப்பக் கோபம் போயிருச்சுப்பா. காரணம் மட்டும் இருக்கு."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யாரும் பிடிக்கவில்லை. மெதுவாகத்தான் நடந்தாள், ஆனால் நிற்காமல் நடந்தாள். வாசற்படியில் ஒரு நொடி தடுமாறினாள், சமாளித்து இறங்கிவிட்டாள். நிலோஃபர் கம்பிகளை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினாள்.

குணாளன் உருண்டை பிடித்த கையோடு நின்றான். அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன், அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. எனக்குப் பரிதாபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். பசிதான் வந்தது.

"ரசம் ஊத்து" என்றேன்.

ஊற்றினான். பாதி இலையில், பாதி தரையில். நான் அவசரப்படாமல் ரசம் சாப்பிட்டேன், மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், பாயசத்தையும் விடவில்லை. சாப்பிட்டு முடித்து, கல்யாண வீட்டில் மடிப்பதைப்போல இலையை என் பக்கமாக மடித்துவிட்டு, கை கழுவ எழுந்தேன்.